பாண்டு கொட்டகைக்கு வந்த சம்மன்

— வரி வசூல் பண்ற கவுன்சில்காரனுக்கு இன்னிக்கு மீனும் கிடையாது, சிப்ஸும் கிடையாது. நடையைக் கட்டு.

— அக்கா, நான் உன் தம்பியாத்தான் வந்திருக்கேன்.

— தம்பியா? இந்தச் சம்மனுக்கு அடியில இருக்கறது யார் பேராம்? நெவில் ஹார்கிரீவ்ஸ். அம்மா எவ்வளவு ஆசையா வச்ச பேரு! அக்கா மேவிஸைக் கோர்ட்டுக்குக் கூப்பிடறதுக்கா வச்சா?

— அது மிஷின் அடிக்கிற பேருக்கா. நானூறு கடைக்கு ஒரே நாள்ல போயிருக்கு. முன்னாடி மூணு நோட்டீஸ் வந்துச்சே, ஒண்ணையாவது பிரிச்சியா?

— பிரிச்சேனே. மடிச்சு அடியில வச்சதுல, லொடலொடன்னு கிடந்த மேஜைக்கால் இப்போ ஆடறதே இல்லை.

— விளையாடாதே. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நீதிபதி அத்தனை பேருக்கும் ஒரே மூச்சில உத்தரவு போட்டுடுவாரு. அப்புறம் ஜப்திக்காரன் வந்து உன் பொரிக்கிற அடுப்பைத் தூக்கிட்டுப் போவான்.

— மூவாயிரம் பவுண்டு வரிக்கு நான் எத்தனை மீன் பொரிக்கணும்டா? முப்பது வருஷமா ஒரு பென்னி கேட்டதில்லையே நீங்க!

— ஒரே இடம் வச்சிருக்கற சின்னக் கடைக்கு வரி கிடையாது. நீ என்ன பண்ணின? பின் சந்துக் கொட்டகையையும் உன் பேர்ல எழுதிக் கொடுத்துட்ட. ரெண்டு இடம் ஆச்சு, சலுகை போச்சு.

— யார் புழங்கறான்னு கேட்டு எழுதினாங்க. நான்னு எழுதினேன்.

— உன் சாமான் ஏதாவது அதுல இருக்கா?

— எனக்கெதுக்கு? ஊர் பாண்டோட பெரிய மேளமும் ஊதுகுழலும் கிடக்கு.

— அடக் கடவுளே! அப்போ அந்த வரி பாண்டு தலையிலதானே விழணும்? யார் பேர்ல கொட்டகையை எடுத்திருக்காங்க?

— செயலாளர் பேர்ல.

— தீர்ந்தது! அந்த ஆள் பேரை இந்தத் தாள்ல எழுது. காலையில கோர்ட் வராந்தாவிலேயே உன் பேரை நானே பட்டியல்லேருந்து அடிச்சுடறேன்.

— மாட்டேன். சிப்ஸுக்கு வினிகர் விடட்டுமா?

— பேச்சை மாத்தாதேக்கா. யாரு அவன்?

— நம்ம பாண்டு வழக்கம் உனக்குத் தெரியாதாக்கும். வருஷக் கூட்டத்துக்கு எவன் வரலையோ அவன் தலையில செயலாளர் வேலையைக் கட்டிடுவோம்.

— தெரியாம என்ன? அதுக்குப் பயந்தே காய்ச்சலோட போய் உட்கார்ந்திருக்கேன். இந்த ரெண்டு வருஷமாத்தான்... என் வீட்டுக்காரி ரோஸி கண்ணை மூடினதிலேருந்து ஊத மூச்சு வரலைக்கா.

— தெரியும் கண்ணு. சூடு ஆறிடும், சாப்பிடு.

— கூட்டத்துக்கு வராம குறட்டை விட்டவனுக்காக நீ அடுப்பை இழக்கணுமா? வந்து கட்டட்டும் அவன்!

— குறட்டை விடலைடா, அழுதுட்டிருந்தான். பாண்டுலேருந்து அவன் பேரை எடுத்துடலாம்னு பேச்சு வந்துச்சு. செயலாளர் பதவியைக் கொடுத்துட்டா எடுக்க மாட்டாங்கன்னு, அவன்கிட்டக்கூடச் சொல்லாம, நான்தான் முதல்ல கையைத் தூக்கினேன். இப்போ வரி வசூல் பண்றவன் பேர்லயே வரி பாக்கின்னு எந்தக் கையால எழுதிக் கொடுப்பேன், நெவில்?