தைக்காத புத்தகம்

"படுங்கய்யா! ஜன்னல விட்டுத் தள்ளிப் போங்க! யல்லா, சீக்கிரம்!"

வெளியே ஃபோர்மேன் கத்த, கவிழ்ந்து படுக்கிறோம். முதலில் ஒரு சீறல். பிறகு ஒரே ஒரு 'டமார்'. இரும்புக் கட்டில்கள் குதிக்கின்றன. கொரோனாவில் கேம்ப் கேட்டைப் பூட்டினார்களே, அதற்குப் பிறகு, ஏவுகணைக்குப் பயந்து எங்களை மறுபடி உள்ளே அடைத்த வாரம் அது. அபுதாபிப் பக்கம் ருவைஸ். மதியம் பன்னிரண்டு பத்து.

ஜன்னல் உடைந்தது. கண்ணாடி சிதறவில்லை. தாளோடு மடங்கித் தொங்கியது. ரூமில் ஐந்து பேர். ஒரு கீறல் இல்லை.

அந்தத் தாளை ஒட்டியவன் நான்.

கண்ணாடியில் காகிதம் ஒட்டச் சொல்லிக் காலையில் ஃபோர்மேன் சத்தம் போட்டார். ரூமில் பேப்பர் ஏது? எல்லாம் போன்தான். ஊரில் நான் சினிமா போஸ்டர் ஒட்டினவன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுச் சுவர் முழுக்க என் கைதான். அது இருக்கட்டும். மைதாவில் பசை காய்ச்சத் தெரியும். எழுத்துத் தெரியாது.

எங்கள் ரூமுக்குப் புதிதாக வந்த டென்சின் கேம்ப் மெஸ்ஸில் டூட்டியில் இருந்தான். திபெத்துக்காரன். கர்நாடகத்தில் பைலகுப்பே அகதி முகாமில் பிறந்து, சேலத்தில் ஸ்வெட்டர் விற்றுத் தமிழ் பிடித்தவன். அவன் கட்டிலடியில் மஞ்சள் துணி மூட்டை. உள்ளே நீளநீளமாகத் தாள். தையல் இல்லை. புத்தகம் என்றால் தைத்திருக்கும் என்று நினைத்தேன். போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பசை தடவினேன்.

மூன்று மணிக்கு வந்தான். ஜன்னலைப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணா, இது புக்கு. எங்க ஊர் புக்கைத் தைக்க மாட்டாங்க."

"என்னைத் திட்டுடா."

திட்டவில்லை. பொறுக்கினான். பொறுக்கிக்கொண்டே சொன்னான். இது, அவன் ஊர்க்காரர்கள் இந்தியாவில் எழுத்துக் கற்றுப்போய் முதலில் மொழிபெயர்த்த புத்தர் பேச்சு. இது குகைச் சாமியார் பாட்டு. இது நாள்கணக்கில் பாடும் ராஜா கதை. எல்லாம் மரத்தில் செதுக்கி அச்சடித்தது. கடைசியில் பேனா எழுத்து.

"அகதியாப் பொறந்தவங்க இப்ப எழுதுறோம்ல, அது. இது நான் எழுதினது. பழசு வேற எங்கயாச்சும் இருக்கும்ணா. இது இல்ல."

"திரும்ப எழுதேன்டா."

"அம்மா உயிரோட இருந்தப்ப எழுதினது."

மை பசையில் கரைந்திருந்தது. சாயங்காலம் கேம்ப்பே வந்து என் பசையைப் புகழ்ந்தது. நான் தலை நிமிரவில்லை.

ஆள் சேதம் இல்லை. போனது, அச்சுத்தாள் நாற்பத்தொன்று. டென்சினின் கவிதை ஏழு. மிஞ்சியது, அவனுக்கு நினைவிருந்த இரண்டு வரி. தமிழில் சொன்னான்:

அம்மா பனியில் விட்ட ஒற்றைச் செருப்பு
இன்னும் கணவாயைக் கடந்துகொண்டிருக்கிறது.

எனக்கு எழுத வராது. கேட்டவர்கள் இந்த இரண்டு வரியை நாலு பேரிடம் சொல்லுங்கள். எழுதியவன் டென்சின். ஒட்டியவன் முருகேசன். இரண்டு பேரையும் சொல்லுங்கள்.