ஏழாம் வாய்ப்பாடு

சாயங்காலம் ஐந்தரை மணி. கொட்டச்சேடு ரோடு. பனி இறங்கிவிட்டால் அங்கே நீட்டிய கை நமக்கே தெரியாது. அந்த நேரத்தில்தான் அவன் முதல் தடவை வந்தான்.

இருங்கள்... மெதுவாகவே பேசுகிறேன். சௌமியா காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளே படுத்திருக்கிறாள். இது அவளுடைய அம்மா கதை. அவள் புருஷன், என் கூட்டாளி ஆண்டனி ராஜுக்கு மாமியார், மரியசெல்வி டீச்சர். இது அவர் குடியிருந்த வீடு. இந்தச் சுவருக்கு அப்பால் பள்ளிக்கூடம். ஜெயபிரகாஷ், சிரிக்காதே. சேலத்திலிருந்து ஒருநாள் லீவில் வந்தவனுக்கு எல்லாமே சிரிப்புத்தான்.

டீச்சர் பகலெல்லாம் பாடம் நடத்துவார். சாயங்காலம் மாதா கோயிலைக் கூட்டி, மெழுகுவத்தி ஏற்றி, செபம் சொல்லுவார். எஸ்டேட்டில் யாராவது சாகக் கிடந்தால், ஏற்காட்டிலிருந்து பங்குச் சாமியார் வந்து சேருவதற்குள் பக்கத்தில் இருந்து செபிக்க டீச்சரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட வருகிறவன் எப்போதும் ஸ்தனிஸ்லாஸ். கோயில் மணி அடிப்பான். மற்ற நேரம் லாரியில் மரம் ஏற்றுவான். டீச்சரிடம் படித்தவன்தான். என்ன படித்தான்... ஏழாம் வாய்ப்பாட்டில் ஆறேழு நாற்பத்திரண்டோடு நின்றுவிடுவான். அடுத்த வரியை மட்டும் தாண்டிவிட்டால் மிச்சமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அது வரவே வராது. முடிக்கும்வரை வீட்டுக்கு விட மாட்டார் டீச்சர். அவனோடு தானும் இருட்டும் வரை உட்கார்ந்திருப்பார். விடையை மட்டும் சொல்ல மாட்டார். அவனாகச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் சில்வர் ஓக் மரம் உருண்டு அவன் மேலே விழுந்துவிட்டது. ஒரு கால் செருப்போடுதான் தூக்கி வந்தார்கள். மற்றச் செருப்பு கிடைக்கவே இல்லை.

அவனைப் புதைத்த பிறகுதான் நான் சொன்ன அந்தச் சாயங்காலம். டீச்சர் தனியாக நடந்து வருகிறார். பின்னால்... சளக்... சளக்... ஒரு காலில் மட்டும் செருப்புச் சத்தம். பச்சை மரத்தூள் வாசனை.

"ஏனுங்க டீச்சர்... கிளியூர் மேஸ்திரி ஊட்டுக்குச் செபம் பண்ண வரோணுமாம்."

புதைத்தவனின் குரல். ஆனாலும் போனார். சாகக் கிடக்கிறவரை எப்படி விடுவது? அங்கே போனால், "நாங்க யாரையும் அனுப்பலைங்களே" என்கிறார்கள். மேஸ்திரிக்கு லேசான காய்ச்சல், அவ்வளவுதான். விடிவதற்குள் ஆள் போய்விட்டார். அடுத்த தடவை மாரமங்கலம். அங்கேயும் அப்படியே.

அதற்கடுத்த தடவை... சௌமியாவுக்கு அப்போது எட்டு வயது. காய்ச்சல் இறங்கவே இல்லை. மழையில் மலைப்பாதை சரிந்து ஒரு ஜீப்பும் கீழே போகவில்லை. அப்பன் இல்லாத பிள்ளை. டீச்சருக்கு அவளை விட்டால் நாதி கிடையாது. பக்கத்து வீட்டு மாதம்மாள்தான் துணைக்கு இருந்தாள். அவள் காதால் கேட்டதைத்தான் சொல்கிறேன். வாசலில் சளக்... சளக்...

"யாரு ஊட்டுக்குடா?"

"இந்த ஊட்டுக்குத்தானுங்க டீச்சர்."

ஆனால் டீச்சர் கதறவில்லை. வகுப்பில் பேசுகிற அதே குரலில் கேட்டார்.

"ஏழாம் வாய்ப்பாடு முடிச்சியாடா நீ? முடிக்காம எந்த ஊட்டுக்கும் போகக் கூடாது. வா ஸ்கூலுக்கு."

செருப்புச் சத்தம் அவர் பின்னாலேயே போனது. ராத்திரி முழுக்க இந்தச் சுவர் வழியாக மாதம்மாள் கேட்டிருக்கிறாள். ஆறேழு நாப்பத்திரெண்டு... ஏழேழு... ஏழேழு... நடுநடுவே டீச்சரின் அழுகை. "மாதாவே, இவனுக்கு இது வரவே கூடாது." அந்த ஒரு வரி அவனுக்கு வர வேண்டும் என்று எத்தனை வருஷம் பாடுபட்டவர்!

விடிந்ததும் சௌமியா கஞ்சி கேட்டாள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோயிருந்தார். முன் பெஞ்சில் ஈர மரத்தூள் கிடந்தது.

வகுப்பு இன்னும் முடியவில்லை. பனி இறங்கினால் இங்கே கேட்கும். அதனால்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்த வரியை மட்டும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மனதுக்குள் சொல்லித் தாண்டிவிடுவார்கள். சுவரில் காதை வைத்துப் பாருங்கள்... ஆறேழு நாப்பத்திரெண்டு... ஏழேழு...

"நாப்பத்தொம்போது! இதுகூடத் தெரியாதா உங்க பேய்க்கு?"

அடப் பாவி ஜெயபிரகாஷ்! என்ன காரியம் செய்தாய்...

உஷ்.

"ஏழேழு... நாப்பத்தொம்போது."

கேட்டீர்களா?

"எட்டேழு அம்பத்தாறு. ஒம்பதேழு அறுவத்திமூணு. பத்தேழு எழுவது."

இப்போது குறுக்கிடுவது... அது டீச்சர் குரல். பிள்ளைகளுக்கு ஒரு எழுத்துகூடத் தப்பாகச் சொல்லித் தராத டீச்சர்...

"தப்பு! தப்புடா! மொதல்ல இருந்து சொல்லு!"

"இல்லீங்க டீச்சர்... சரிதானுங்க."

பெஞ்சு நகர்கிறது. ஆண்டனி, உள்ளே ஓடு, சௌமியாவைப் பிடித்துக்கொள். யாரும் கதவைத் திறக்காதீர்கள்.

சளக்... சளக்...