ஹெட்போன் மாட்டியிருந்த பகல்

வீட்டில் வாசிக்க டிஜிட்டல் பியானோ வாங்குவதாக இருந்தால், முதலில் கட்டைகளை அழுத்திப் பாருங்கள் மிஸ். கட்டைக்குக் கனம் இருக்கவேண்டும். மெல்லத் தொட்டால் மெல்லவும், ஓங்கித் தொட்டால் பலமாகவும் ஒலிக்கவேண்டும். எங்களுடையது அப்படியானது. கடற்காற்றிலும் சுருதி கலையாது. மருதமுனையில் அது பெரிய விஷயம்.

என் கணவர் முபாறக் கட்டாரில் இசைக்கருவிக் கடையொன்றில் வேலை செய்தவர். ஊருக்குத் திரும்பியபோது கொண்டுவந்தார். வாசிக்கப் பழக்கியதும் அவர்தான். அதில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் உண்டு. அயலுக்குத் தொல்லையில்லாமல் நான் ஒன்றை மாட்டிக்கொண்டு வாசிப்பேன்; மற்றதை மாட்டிக்கொண்டு அவர் கேட்பார். பிழைவிட்டால் என் விரலில் மெல்லத் தட்டுவார். நல்ல மனிதர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் விழுந்துபோனது. பேச்சில் என் பெயர் மட்டும் மிஞ்சியது. “பஹ்மி.” தண்ணீருக்கும் அதுதான், நுளம்பு கடித்தாலும் அதுதான், ஒன்றுமில்லாவிட்டாலும் அதுதான். நான்கு வருடங்களாக நான் ஒரு கனவைக்கூட முழுதாகக் கண்டதில்லை.

அடுத்த தெருவில் இருக்கும் அவருடைய மூத்த சகோதரி பஸ்மிலாவிடம் போய்க் கேட்டேன்.

“ராத்தா, ஒரு கிழமைக்கு மட்டும் இவர உங்கட ஊட்டுல வெச்சிப் பாருங்களன். எனக்கு ஏலாமப் போகுது.”

“பொஞ்சாதி நீ இரிக்கக்குள்ள நான் வெச்சிப் பாத்தா ஊரு என்ன கதைக்கும்? பொறுமையா இரி புள்ள. அல்லாஹ் கூலி தருவான்.”

தேநீர் தந்தார். குடித்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் கடற்கரைக்கு நடந்தேன். தண்ணீர் இடுப்பளவு வந்தபோது, அவர் கூப்பிட்டுக்கொண்டிருப்பாரே என்று திரும்பிவிட்டேன்.

அன்றைக்குப் பகல் சோறு ஊட்டும்போது அவருக்குப் புரையேறியது. ஆனால் பொலிஸில் உங்களிடம் முதலில் சொன்னது, புரையேறுவதற்கு முன்பே நான் மற்ற அறைக்குப் போய்விட்டேன், ஹெட்போன் மாட்டி வாசித்துக்கொண்டிருந்தேன், எதுவும் கேட்கவில்லை என்றுதான். நீங்கள் நல்ல கேள்வி கேட்டீர்கள்.

“அண்டைக்குப் பகல் ஊருக்கே கரண்ட் இல்லையே. எப்பிடி வாசிச்ச நீங்க?”

வாசிக்கலாம் மிஸ். சத்தம்தான் வராது. கட்டைகள் அடியில் முட்டும் டொக், டொக் மட்டும் கேட்கும். அதற்கு மேலால் அவருடைய இருமல் கேட்டது. இடக்கையில் அகப்பட்ட கரண்டியால் கட்டில் கம்பியில் தட்டினார். பிறகு கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. ஹெட்போன் காதை மூடும், உலகத்தை மூடாது. நான் பிழைவிடாமல் கடைசிவரை வாசித்தேன்.

அமைதியானதும் போய் அவருடைய வாயைத் துடைத்தேன். இடுப்பில் நனைந்திருந்த சாரனை மாற்றினேன். கண்களை மூடிவிட்டேன். கரண்ட் வந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அடுத்த தெருவரை கேட்கும்படி வாசித்தேன். அந்தச் சத்தத்துக்குத்தான் பஸ்மிலா ராத்தா வந்தார்.

“அவர் நித்திர ராத்தா. மெதுவாக் கதைங்க,” என்றேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சோற்றை நன்றாக மசித்து, கூழாக்கித்தான் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் தொண்டையில் நின்றுவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். இவ்வளவு காலமும் என் கையாலேயே மசித்தேன். அன்றைக்கு மசிக்கவில்லை. இறைச்சித் துண்டைச் சோற்றுக்குள் வைத்து உருண்டையாகப் பிடித்தேன். என்னைப் பார்த்துக்கொண்டே அவர் வாயைத் திறந்தார்.

அவரும் ஒருநாள் எல்லோரையும்போல ருசியாகச் சாப்பிடட்டும் என்றுதான் கொடுத்தேன் மிஸ். பாசத்தில்தான் கொடுத்தேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.