களைக்கும் கூப்பிட்டவர்கள்

பருத்திக்குக் களைக்கொல்லி அடித்தால் களையெடுக்கும் கூலி மிச்சம் என்று விவசாயி மாணிக்கத்தை வற்புறுத்தியவன் நான்தான். அப்போது வேளாண் அலுவலராக இருந்தேன். அந்த வருடம் பஞ்சு எடுக்க ஆள் வராமல், அவருடைய பருத்தி வெடித்துச் செடியிலேயே மழையில் நனைந்தது. ஊரெல்லாம் ஆள் தட்டுப்பாடு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

போன வாரம் குமணன்சாவடியில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிரே ஒரு கணவனும் மனைவியும். ஊரில் பருத்தி போட்டிருப்பவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“இந்தத் தடவை களைக்கு மருந்து அடிச்சுடலாம்,” என்றார் கணவர்.

“அடிங்க. பஞ்சையும் அந்த மருந்தே எடுக்கட்டும்.”

“ஏன், ஆளுங்க வரமாட்டாங்களா?”

“களைக்கு வேணாம்னு சொன்னா வேற காட்டுக்குப் போயிடுவாங்க. அப்புறம் அங்கதான் பஞ்சும் எடுப்பாங்க. எங்கம்மாவும் நானும் அப்படித்தான் போனோம்.”

“எங்க காட்டுக்கு மட்டும் ஏன் வந்தே?”

“உங்கம்மா களைக்கும் கூப்பிட்டாங்களே. இல்லேன்னா உங்கள எங்க பார்த்திருப்பேன்?”

டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “அண்ணாத்தே, அன்னிக்கே மருந்து அடிச்சிருந்தா இன்னிக்கு நீ தனியா வந்துகினு இருப்பே!”

அன்று மாலையே மாணிக்கத்துக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது என்றேன்.

“பருத்தியையே விட்டுட்டேன் சார். இப்ப மக்காச்சோளம்தான்,” என்றார். பிறகு, “கதிர் முத்தறதுக்குள்ள ஒரு நாள் வாங்க, சுட்டுத் தரேன்,” என்றார்.