மழைக்கு இரண்டு செலவு

எனக்கு மழை பிடிக்கும். கட்டட வேலையில் முப்பது வருடம் கழித்தவன் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. செமாராங்கில் நவம்பர் மாதம், மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வரும். அப்போது வேலையைப் போட்டுவிட்டு ஜன்னலருகே போய் நிற்பேன். உங்கள் விசாரணை அறைக்கு ஜன்னல் இல்லை. பரவாயில்லை. காப்பி நன்றாக இருக்கிறது, எனக்கும் அவசரமில்லை. முதலிலிருந்தே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் விராத்னோ. இடிந்துபோன ஜவுளி வளாகத்தைக் கட்டியபோது நான்தான் மேலாளர். செலவைக் கட்டுக்குள் வைக்கவேண்டும், பிரச்சினை வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான் என் வேலை. இரண்டும் ஒன்றுதான் என்று முதலாளிகள் நினைப்பார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். மேஸ்திரி கொலில், 'பாக்' என்று மரியாதை வைத்தே, என் காதுபடச் சொல்வான்: "பாக் விராத்னோகிட்ட புது ஆணி கேக்காதீங்கடா. பழைய ஆணியை எங்க போட்டேன்னு கேப்பாரு, தேடி எடுக்கறதுக்குள்ள பொழுது போயிடும்." எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

மதிப்பீட்டில் மழை என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி, தளம் போடும்போது மூடுவதற்குத் தார்ப்பாயும் அதைத் தாங்கும் சட்டங்களும். இரண்டாவது வரி, மழையை வராமல் தடுத்துவைக்கிற மழை கட்டுபவருக்குக் கூலி. கல்யாணமானாலும் கான்கிரீட்டானாலும் மழைக்காலத்தில் அவரைக் கேட்காமல் எங்கள் ஊரில் யாரும் நாள் குறிப்பதில்லை, உங்களுக்கே தெரியும். உங்கள் வீட்டு விசேஷத்துக்கும் யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்.

ஒரே காரியத்துக்கு எதற்கு இரண்டு செலவு என்று பட்டது. தார்ப்பாய் வரியை அடித்துவிட்டேன். மழை கட்டுபவரை அடித்திருக்கலாமே என்பீர்கள். அவர் இல்லையென்றால் ஆட்கள் முணுமுணுப்பார்கள், பாதிப்பேர் மேலே ஏறமாட்டார்கள். தார்ப்பாய் இல்லையென்று யாரும் முணுமுணுக்கப்போவதில்லை. அவர் மழையை நிறுத்துவார் என்று நம்பி அப்படிச் செய்திருந்தால் என்னை முட்டாள் என்று சொல்லி விட்டுவிடலாம். நான் நம்பவில்லை. நம்பாமல்தான் அடித்தேன்.

நாங்கள் அழைத்த ஆள் சர்மிடி. ஐம்பது வயதிருக்கும், ஒடிசலான மனிதர், கிராம்புச் சுருட்டு வாசனை எப்போதும் கூடவே வரும். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் துடைப்பத்தைத் தலைகீழாக நட்டு, அதன் ஈர்க்குகளில் சிவப்பு மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்திவைத்து, அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். மழை கட்டும் நாளில் குளிக்கக்கூடாது, உடம்பில் தண்ணீரே படக்கூடாது என்பது அவர்கள் விரதம். பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைத் தாண்டிப் போவார்கள். "காத்து உங்க பக்கத்துலேர்ந்து வருது பாக், மேகமே ஓடிடும்" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்த வளாகத்தில் அதற்கு முன் நான்கு தடவை வந்து உட்கார்ந்திருக்கிறார். நான்கு தடவையும் மழை வரவில்லை.

ஐந்தாவது தடவை, தரைத்தளத்துக்கு மேலே வரும் பெரிய தளம். முன்பாதியைக் காலையிலும் பின்பாதியை மத்தியானமும் போடுவதாகத் திட்டம். பதினொரு மணி இருக்கும், சர்மிடி தன் இடத்தைவிட்டு எழுந்து என்னிடம் வந்தார். அவர் அப்படி எழுந்து வந்தது அதுவே முதல் தடவை.

"பாக், இன்னிக்கு இதோட நிறுத்திக்குங்க. பின்பக்கத்தை நாளான்னிக்குப் போட்டுக்கலாம். இது என் கைக்கு அடங்காது."

"கலவை லாரியெல்லாம் கிளம்பிடுச்சு."

"திரும்பிப் போகச் சொல்லுங்களேன். நான் காசு வாங்கிட்டுப் பொய் சொல்லக்கூடாது பாக். இன்னிக்கு என்னால முடியாது."

"உங்களைக் கூப்பிட்டது மழையை நிறுத்த. லாரியை நிறுத்த இல்ல."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்த் துடைப்பத்தின் முன்னால் மறுபடி உட்கார்ந்தார். தரம் பார்க்கும் பொறியாளர், நிங்ரும் என்று பெயர், என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத பெண். "சார், தார்ப்பாயை எங்க வச்சிருக்கீங்க? எதுக்கும் மேல ஏத்தி வச்சுடலாம்" என்றாள். நான் சர்மிடியைக் கைகாட்டினேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இரண்டேகாலுக்கு மழை வந்தது. பின்பாதியில் உத்திரம் வார்க்கும் பலகைப் பெட்டிகள் இன்னும் நிரம்பவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவற்றில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. பம்ப்பை நிறுத்தட்டுமா என்று கொலில் மேலிருந்து கத்தினான். பம்ப்பை நிறுத்தினால் குழாயில் கலவை இறுகிவிடும், நாள் வீணாகும், வரிசையில் நிற்கும் லாரிகளில் உள்ளதைக் கீழே கொட்டவேண்டும். நிறுத்தாதே என்று கைகாட்டினேன். தண்ணீருக்குள்ளேயே கான்கிரீட் இறங்கியது. சிமெண்ட் பால் பலகை இடுக்குகள் வழியாக ஒழுகி, கேட்டைத் தாண்டி, சர்மிடியின் காலடியில் வெள்ளையாக ஓடியது. அவர் எழுந்திருக்கவில்லை. நனைந்தபடி உதடு அசைய உட்கார்ந்தே இருந்தார். குடை பிடித்துக்கொண்டு அவரை அரை நிமிடம் பார்த்தேன் என்பது இப்போதும் எனக்குக் கூசுகிறது.

மழை விட்டதும் தண்ணீரைக் கூட்டித் தள்ளி, மேலே வறட்டு சிமெண்டைத் தூவி மட்டப்பலகையால் தேய்க்கச் சொன்னேன். பார்க்க வழுவழுவென்று அழகாக இருந்தது. நான்காம் நாள் பக்கப் பலகையைக் கழற்றியபோது நிங்ரும் ஒரு ஆணியால் உத்திரத்தைச் சுரண்டினாள்.

"மாவு மாதிரி உதிருது சார். பின்பாதியை உடைச்சுட்டு மறுபடி போடணும்."

"சோதனை முடிவு வரட்டும்மா."

சோதனை முடிவு வந்தது, தேறிவிட்டது. அதில் ஒரு தில்லுமுல்லும் இல்லை. மாதிரிக் கலவையை லாரியின் வாயிலிருந்து பிடிப்பார்கள். லாரியில் இருந்தது நல்ல கலவை. மழை தளத்தின்மேல் பெய்தது, மாதிரியின்மேல் பெய்யவில்லை. அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு உண்டான நிம்மதியைச் சொன்னால் நீங்கள் என்னை வெறுப்பீர்கள். தளத்தையே துளைத்து எடுத்துச் சோதிக்கவேண்டும் என்று நிங்ரும் எழுதிக் கொடுத்தாள். துளைத்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் உடைக்கவேண்டும். நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்கு முன்னால் திறப்பதாக ஊரெல்லாம் விளம்பரம் செய்தாகிவிட்டது. அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்து, கடல் தாண்டி பாலிக்பாப்பானுக்கு அனுப்பிவைத்தேன். விமானநிலையத்துக்கு நானே கொண்டுபோய் விட்டேன். அவள் எழுதிக் கொடுத்த தாள் என் அலமாரியில் இருக்கிறது. சாவியை வந்ததுமே உங்கள் ஆளிடம் கொடுத்துவிட்டேன்.

மழை பெய்த அன்றே, அது எப்படி வந்தது என்று முதலாளி தொலைபேசியில் கேட்டபோது ஒரு பதில் தேவைப்பட்டது. கீழே பையன்கள் சர்மிடியைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். "உண்மையைச் சொல்லுங்க பாக், குளிச்சீங்கதானே?" என்று கொலில் கேட்டான். "குளிக்கல. காலைல வெக்கை தாங்காம ஈரத் துண்டால மூஞ்சியைத் தொடைச்சேன், அவ்வளவுதான்" என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். நான் முதலாளியிடம், மழை கட்டுகிறவர் குளித்துவிட்டாராம் என்றேன். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார், கோபம் போய்விட்டது. மறுநாள் அந்தத் துடைப்பத்தை முறித்து வெளியே எறிந்தார்கள். நான் அதைத் தடுக்கவில்லை. ஒரே வாரத்தில் செய்தி ஊர் முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டுக்குக்கூட அவரை யாரும் கூப்பிடவில்லை.

வளாகம் சொன்ன நாளில் திறந்தது. நான்காம் மாதம் பின்பக்க உத்திரத்தில் ஒரு விரிசல் தெரிந்தது. பூசி வண்ணம் அடிக்கச் சொன்னேன். திரும்ப வந்தது, திரும்பவும் பூசினோம். மூன்றாம் தடவை வந்தபோது பூசச் சொல்லவில்லை. அதன் கீழே இருந்த கடைகளை யாருக்கும் விடாமல், சரக்கு வைக்கும் இடம் என்று வரைபடத்தில் மாற்றினேன். இடம் சும்மா கிடக்கிறதே என்று முதலாளிக்குக் குறை.

அந்தச் சமயத்தில்தான் பேருந்து நிலையத்தில் சர்மிடியைப் பார்த்தேன். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மூட்டையை இறக்கிவிட்டு, "அன்னிக்கு நடந்ததுக்கு மன்னிச்சுக்குங்க பாக்" என்றார். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன். பாவம் செய்துவிட்டோம், ஏதாவது செய்தாகவேண்டும் என்று அன்றைக்குத்தான் முதல்முதலாக மனம் அடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் அவரைக் கூப்பிட்டு, பின்பக்கத்தில் ஒரு இடம் சும்மா இருக்கிறது, சாப்பாட்டுக் கடை போட்டுக்கொள்ளுங்கள், வாடகை வேண்டாம் என்றேன். என் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு அழுதார்.

அவரும் மனைவி துமினியும் கடையை நன்றாக நடத்தினார்கள். அவித்த கீரையும் வேர்க்கடலைச் சாந்தும், ஓரத்தில் மொறுமொறுவென்று சோயாத் தெம்பே வறுவலும். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் சாப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை தோறும் நானும் போவேன். பணம் வாங்கமாட்டார். வாங்கித்தான் ஆகவேண்டும் என்று கொடுத்துவிட்டு வருவேன்.

ஆகஸ்டு மாதம், ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணிக்கு இடிந்தது. மூன்று வாரமாக ஒரு பொட்டு மழை இல்லை. கீழே சர்மிடியும், சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் இருந்தார்கள். துமினி தெம்பே வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள். மாடியில் துணிப் பொதிகளை அளவுக்கு மீறி அடுக்கிவிட்டார்கள் என்று உங்கள் ஆட்கள் எழுதினார்கள். சோதனைத் தாள்கள் சரியாக இருந்தன. என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் இது அப்படியே அடங்கியிருக்கும்.

சர்மிடிக்கு ஏழாம் நாள் பிரார்த்தனை முடிந்து துமினி என் வீட்டுக்கு வந்தாள். அங்கே பரிமாறிய சோற்றில் எனக்கென்று ஒரு பெட்டி எடுத்துவந்திருந்தாள்.

"பாக், நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கக்கூடாது. அவரு அன்னிக்கு மூஞ்சியைத் தொடைச்சிருக்கக்கூடாது. புடிச்சு வச்ச மழையெல்லாம் சேர்ந்து அவரைத் தேடி வந்துடுச்சு. நீங்க நல்லது செய்யப்போயி உங்க கட்டடத்துக்கும் கெட்ட பேராயிடுச்சு. அவரு சார்புல நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

பெட்டியை வாங்கிக்கொண்டேன். போய்வாருங்கள் என்றேன். அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே போய் அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். வீணாக்கக்கூடாது என்ற பழக்கம். மறுநாள் காலையில் இங்கே வந்தேன்.

ஆகவே இதை மட்டும் தெளிவாக எழுதுங்கள். சர்மிடி அன்றைக்குக் குளிக்கவில்லை. நிறுத்துங்கள் என்று என்னிடம் சொன்னார். துமினியிடம் இதை உங்கள் வாயால் சொல்லவேண்டும். என்னால் முடியாது.

காலையிலிருந்து ஒரு கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். இடம் கொடுத்தபோது அது விழும் என்று தெரியுமா என்று. பரிகாரமாகத்தான் கொடுத்தேன், மனதறிந்து கெடுதல் நினைக்கவில்லை என்று இரண்டு தடவை சொன்னேன். நீங்கள் அதை எழுதிக்கொண்டதையும் பார்த்தேன். அடித்துவிடுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமைகளில் ஒரு நாள்கூட நான் கடைக்குள் உட்கார்ந்ததில்லை. தட்டை வாங்கிக்கொண்டு எதிரே வண்டி நிறுத்தும் திடலுக்குப் போய்விடுவேன். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்பேன். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை நன்றாகவே தூறிக்கொண்டிருந்தது. கடலைச் சாந்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட நான் திடலில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சர்மிடி கடை வாசலில் நின்று, விரிசலுக்கு நேர் கீழே, ஒரு நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார்.

"நான்தான் மழை கட்டறதையே விட்டுட்டேனே பாக். என்னை நம்பி ஏன் நனையறீங்க? உள்ள வந்து உக்காருங்க."

"பரவாயில்லை. எனக்கு மழை பிடிக்கும்" என்றேன்.