நம்பர் பிளேட்டில் இருந்த வாசகம்

தகப்பனுக்குத் தலைமகன்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. விசா முடியப் போகிறவர்களுக்கு அதில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை.

அமெரிக்காவில், பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலுக்கு நின்ற ஒருவன் நண்பனிடம் சொன்னான்:

“அப்பா போன அன்னைக்கு நான் கனடாவோட கியூபெக் மாகாண ஹிஸ்டரி படிச்சிட்டு இருந்தேன்டா.”

“ஊருக்குப் போகலையா?”

“நாலாம் நாள் கனடா இமிக்ரேஷன் இன்டர்வியூ. இங்க விசா முடியுது. தம்பியைக் கொள்ளி வைக்கச் சொல்லிட்டேன்.”

“ஸ்கூல்ல ஹிஸ்டரின்னாலே ஓடுவியே! என்ன கேட்டாங்க?”

“கியூபெக்ல கார் நம்பர் பிளேட்ல பிரெஞ்சுல ‘எனக்கு நினைவிருக்கு’ன்னு போட்டிருக்கும். எதை நினைவு வெச்சிருக்காங்கன்னு கேட்டாங்க. பிரெஞ்சு ஆட்சி போனதை, மொழியை, முன்னோர்களைன்னு வரிசையா சொன்னேன். ‘வெரி குட்’ன்னாங்க.”

ரயில் வந்து நின்றது. நண்பன் ஏறவில்லை.

“கிடைச்சிடுச்சா?”

“கிடைச்சிடுச்சு. லெட்டர் வந்தது அப்பாவோட பதினாறாம் நாள்.”