ஆண்டவன் பேரைச் சொன்னவருக்கும் ஒரு நாற்காலி

அவைக்குத் தலைமை தாங்குவதோடு என் நீண்ட பேச்சுகளையும் ஏற்கெனவே இரண்டு முறை தாங்கிய தலைவர் அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் ஆன்றோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இடம் கிடைக்காவிட்டாலும் இம்மியும் நகராமல் நிற்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

பாகுபாடு தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. பிறப்பைக் கேட்டுப் பிரிக்காதே, மதத்தைக் கேட்டு மறுக்காதே என்கிறது அது. படிக்கப் படிக்கத் தித்திக்கிறது! ஆனால் ஏட்டில் இனிக்கும் சட்டம் வீட்டு வாசலுக்கு வரும்போது என்ன ஆகிறது? வழக்கறிஞராக நான் வாதாடிய ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர். மனைவிக்கு நிறைமாதம். குடியிருந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள். மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு மாடிவீடு காலியாக இருந்தது. இவர் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். கட்டிலை எந்தச் சுவரோரம் போடலாம் என்று அந்த அம்மா முழம்போட்டே பார்த்துவிட்டார். கீழே தன் வீட்டுக் கூடத்தில் சாவியை நீட்டியபடி வீட்டுக்காரர், நீங்கள் என்ன மதம் என்று கேட்டார். பதில் வந்தது, வேறு மதத்தாருக்கு வீடு இல்லை என்றார், சாவி சட்டைப் பைக்குள் போய்விட்டது. சுவருக்கு என்ன மதம்? குழாய்த் தண்ணீருக்கு என்ன மதம்? வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு என்ன மதம்?

அந்தச் சட்டப்படி நகர மன்றத்தின் விசாரணைக் குழுவிடம் புகார் கொடுத்தோம். அப்படிச் சொல்லவே இல்லை என்று வீட்டுக்காரர் சாதித்தார். சாட்சி ஒரே ஒருவர்தான். வீட்டுக்காரரைப் பார்க்க வந்து அன்று அதே கூடத்தில் உட்கார்ந்திருந்த, அவருடைய சொந்த மதத்தின் குரு! அவர் எங்கே நமக்காகப் பேசப்போகிறார் என்கிறீர்களா, தம்பி? பொறுங்கள்.

விசாரணைக் குழுத் தலைவி நேர்மையானவர். நடுநிலை தவறிவிடுமோ என்ற பயத்தில் ஒரு விதி வைத்திருந்தார்: விசாரணை மண்டபத்துக்குள் யாரும் மதம் பேசக் கூடாது. குருவோ, முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தாலும் ஆண்டவன் பேரைச் சொல்லாமல் வாய் திறக்காதவர். பழகிப்போன நாக்கு! எழுந்ததும் ஆண்டவனை அழைத்தார். தலைவி நிறுத்தினார். மறுபடி தொடங்கினார், மறுபடியும் அதே பேர்தான் வந்தது. அடுத்த முறை மைக்கையே அணைத்துவிட்டார்கள். முகம் சிறுத்துப்போன அந்த மனிதர் குடையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். வீட்டுக்காரர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி! சாட்சி போனால் வழக்குப் போயிற்று. வழக்குப் போனால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த வீட்டுக்குப் போவாள் அந்தத் தாய்?

அப்போது எழுந்தார் ஓட்டுநர்.

"அம்மா, அவரைப் பேச விடுங்க. என் சாமி வேறங்கிறதால எனக்கு வீடு இல்லைன்னாங்க. சாமி பேரைச் சொன்னதால அவருக்கு மைக் இல்லைங்கிறீங்க. ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மைக்கைப் போடச் சொன்னார். குரு திரும்பி வந்தார். ஆண்டவன் பேரைச் சொன்னார். தன் வழிபாட்டுக் கூடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்த அதே வீட்டுக்காரரை நேருக்கு நேர் பார்த்தார்.

"நீ அப்படித்தான்ப்பா சொன்ன. என் காதால கேட்டேன். அது தப்பு."

வென்றோம்! அந்தக் குழந்தை இன்று அந்த மாடிவீட்டில்தான் தவழ்கிறது. தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். அந்தக் கைதட்டல் எனக்கல்ல.

ஆனால் வருகிற திங்களன்று, மதகுருமார் எவரும் பொது விசாரணையில் பேசவே கூடாது என்று நிரந்தர விதி போட நகர மன்றம் வாக்கெடுக்கிறது. மன்றத்தாரின் அச்சம் எனக்குப் புரிகிறது. மதத்தின் பேரால் மனிதரை மிதித்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள்! ஆகவே மதகுருவுக்கு மகுடம் வேண்டாம், மாலை வேண்டாம், தீர்ப்பு அவர் கையில் இருக்கவும் வேண்டாம். எல்லோருக்கும் போடும் அதே நாற்காலியைப் போடுங்கள். எல்லோரையும் கேட்கும் அதே கேள்வியைக் கேளுங்கள். தவறாகப் பேசினால் தயங்காமல் மறுத்துப் பேசுங்கள். பேசுவதற்கு முன்பே வாயைப் பொத்திவிட்டு, வாழ்க மனித உரிமை என்றால் ஊர் சிரிக்காதா?

திங்களன்று மன்றத்துக்குத் திரண்டு வாருங்கள். ஓட்டுநரையும் அழைத்தேன். டூட்டி இருக்கிறது, வர முடியாது என்றார். உங்களிடம் சொல்லச் சொன்னது இது:

"நான் வண்டியில இருப்பேன். பின்னாடி படுத்திருக்கிறவரு என்ன மதம்னு கேக்காம ஓட்டிட்டிருப்பேன். நீங்க அங்க போயி, பேசறவரு யாருன்னு பாக்காம, என்ன சொல்றாருன்னு கேளுங்க."

அதற்கு மேல் சொல்ல என்னிடம் சொல் இல்லை. செவி கொடுத்த உங்களுக்கு நன்றி. மன்ற வாசலில் உங்கள் முகங்களைத் தேடி நிற்பேன். வணக்கம்!